மாடிப் போர்ஷன்

போர்டை எழுதியது நானேதான்:
'மாடி வாடகைக்கு. சிறு குடும்பம் மட்டும்.'
கேட்டைத் தட்டியவளைப் பார்த்ததும்
பொய் தானாக நாக்கில் வந்து உட்கார்ந்தது.
நேத்தே அட்வான்ஸ் வாங்கியாச்சு.

சொல்லியிருப்பேன்.
அதற்குள் கார்த்திகை மழை
பெருமாள்புரம் முழுக்கத்
தகரத்தில் கல் எறிகிற மாதிரி இறங்கிவிட்டது.
குடை இல்லாதவளிடம் பொய் சொல்லக்
கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

ஸ்கூட்டர் நிற்கிற ஷெட்டுக்குள் கூப்பிட்டேன்.
வீட்டுக்குள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
நான் நிலையை விட்டு நகரவில்லை.

பெயர் மிருதுளா.
அகன்ற மணிக்கட்டு, நகத்தில் கத்திரிப்பூ நிறம்.
ஈரப் படியில் கால் வைக்கிறவள்போல
ஒவ்வொரு சொல்லிலும்
குரலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள்.
ஹைகிரவுண்டு பக்கம் ஒரு லேபில்
ரத்தம் எடுக்கிற வேலை.
"ஊசியக் கண்டா எல்லாரும்
மூஞ்சியத் திருப்பிக்கிடுவாவ க்கா.
அங்க மட்டுந்தான் அது என்னால இல்ல."
சிரித்தாள்.
நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

தண்ணீர் கேட்டாள்.
வேலைக்கு வருகிறவர்களுக்கென்று
விளிம்பு நசுங்கிய டம்ளர் ஒன்று உண்டு.
என் கை அதைத்தான் எடுத்தது.
எடுத்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றதில்
பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.
இன்னொன்றும் எடுத்தேன்.
நசுங்கியதை நான் வைத்துக்கொண்டேன்.
அதில் நான் குடித்தது அதுவே முதல் முறை.
உதட்டை இடிக்கிறது.

"சிறு குடும்பம்னு போட்டிருக்கிய,
நான் ஒத்த ஆளு.
அதவிடச் சிறுசு கிடையாதுல்லா?"

கேட்க வேண்டியதைக் கேட்டேன்.
ராத்திரி யாரெல்லாம் வருவாங்க?

கோபப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.
"தங்கச்சி வருவா, தீவாளிக்கு.
அம்மைக்குத் தெரியாம."
அப்புறம்,
எந்தக் கையில எடுக்கட்டும் என்று
கேட்பது போல, மெதுவாக:
"உங்கள்ட்ட யாராச்சும்
இப்படிக் கேட்டிருக்காவளா க்கா?"

தொண்ணூற்றெட்டு.
இடுப்பில் இரண்டு வயதுப் பெண்,
கோர்ட்டில் முடியாத கேஸ்.
தியாகராஜ நகரில் ஏழு வீடு,
சாந்தி நகரில் நாலு.
வீட்டுக்காரர் எப்ப வருவார்?
வர மாட்டாரா?
அப்ப வேற யாரு வருவா?

மகளிடம்கூட இதைச் சொன்னதில்லை.
ஷெட்டில், நனைந்த ஒருத்தியிடம்,
பதினோரு வீட்டையும் வரிசையாகச் சொன்னேன்.
அவள் குறுக்கே பேசவில்லை.
ஏழாவது வீட்டில் நாய் இருந்தது என்றபோது மட்டும்
"எனக்கும் ஒரு நாய் வீடு உண்டு" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான்
லோன் போட்டு இந்த வீட்டைக் கட்டினேன்.
கேட்டை மட்டும்
அந்தக் கேள்வியாலேயே செய்து மாட்டியிருக்கிறேன்.
நாற்காலி இன்னொன்று உள்ளே கிடந்தது.
கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தேன்.

மழை விட்டதும்
நான் மாறிவிட்டேன் என்றெல்லாம் இல்லை.
எதிர்வீட்டுப் பிரமநாயகத்தின் மனைவி
என்ன சொல்வாள் என்பது
காதில் ஓடிக்கொண்டேதான் இருந்தது.
ஆனாலும் சாவியை எடுத்தேன்.

மேலே போய் ஜன்னலைப் பார்த்தாள்,
பிளக் பாயிண்டுகளை எண்ணினாள்.
குழாயைத் திறந்து
விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.
"போர் தண்ணியா? உப்புக் கரிக்கி.
முடி கொட்டிரும் க்கா."

"ஆத்துத் தண்ணி
நாள் விட்டு நாள் வரும்,
பிடிச்சு வச்சுக்கிடலாம்..."
கெஞ்சுவது என் குரல்தான்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.
பதினோரு வீட்டில் ஆறு வீடு
எனக்குச் சொன்ன அதே வார்த்தை.
இவள் ஒருவேளை
நிஜமாகவே யோசிக்கிறாளோ என்னவோ.

ராத்திரி போர்டைக் கழற்றி
மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன்.
'சிறு குடும்பம்' போய்விட்டது.
'மட்டும்' மட்டும் போகவில்லை.

இன்றோடு மூன்று நாள்.
போன் அடித்தால் எழுந்து ஓடுகிறேன்.
உப்பெடுக்கிற மெஷின் என்ன விலை என்று
வண்ணார்பேட்டையில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.